பொட்டு மட்டுமே கண்ட கருவிகள்

தந்தையார் மறைந்து ஓராண்டு கழிந்தபின் மதுரை வீட்டை ஒழிக்க வேண்டி வந்தது. நிலத்தையும் நகையையும் பிரிப்பதில் எழாத வழக்கு, அவருடைய கருவிகளைப் பிரிப்பதில் எழுந்தது. உடன்பிறந்தோர் மூவரும் கூடத்துத் தரையில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, அவருடைய இரண்டு பெட்டிகளையும் அதன்மேல் கவிழ்த்தோம். வழக்கெல்லாம் முதற்பெட்டியின் பொருட்டே. இரண்டாம் பெட்டியிலிருந்ததை ஒருவர் மற்றவர் பக்கம் தள்ளிவிட்டுக் கொண்டிருந்தோம்.

முதற்பெட்டி, எப்போதோ சாமான் வந்த பலகைகளைக் கொண்டு அவரே செய்தது. இரண்டு உளி, ஓர் இழைப்புளி, பிடி கறுத்துப்போன ஒரு சுத்தியல், கட்டிங் பிளேயர், மூன்று திருப்புளி, ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், நடுவில் குழிந்துவிட்ட சாணைக்கல் ஆகியவை அதிலிருந்தன. உளிகளுள் ஒன்று தீட்டித் தீட்டிப் பாதி நீளமாகியிருந்தது. இரண்டாவது ஒரு தகரப் பெட்டி. தமுக்கம் மைதானத்தில் அந்நாளில் நடந்த சித்திரைப் பொருட்காட்சியிலிருந்து ஆண்டுதோறும் அவர் வாங்கி வந்த விந்தைக் கருவிகளின் கருவூலம் அது. பிடிக்குள் பிடியாக நான்கு திருப்புளிகளை ஒளித்து வைத்திருக்கும் பித்தளைச் சுத்தியல், எந்த அளவு நட்டையும் கவ்வும் என்று சொல்லி விற்கப்பட்ட முள்ளுமுள்ளான ஸாக்கெட், அளவுகோலும் மட்டம் பார்க்கும் குமிழும் பொருத்திய பேனா, கேரட்டைப் பூவாக்கும் சுருள் கத்தி என அடுக்கிக்கொண்டே போகலாம்.

பள்ளி ஆசிரியராக இருந்த அவர் ஆயுதபூசையன்று இரண்டு பெட்டிகளையும் திறந்து, எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். முதற்பெட்டியின் கருவிகளில் அந்தப் பொட்டு ஒரு வாரம் தங்காது. வேலை அதை அழித்துவிடும். தகரப் பெட்டியிலோ கடைசியாக அவர் வைத்த பொட்டு காய்ந்து, அப்படியே இருந்தது. அவை வெளிச்சம் கண்டதே ஆண்டுக்கொருமுறை, பொட்டு வாங்கிக்கொள்ளத்தான்.

இத்தகைய கருவிகளை வாங்குவது தகுமா என்ற கேள்வி அன்று எங்களுக்குள் எழுந்தது. 'பணத்துக்குப் பிடித்த கேடு' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் கணக்கில் கெட்டியானவரும், ஒரு ஆணியைக்கூட நிமிர்த்தி மறுபடி பயன்படுத்தியவருமான ஒரு மனிதர், முப்பது ஆண்டுகளாக ஏன் அவற்றை வாங்கினார்? அதற்கு விடை காணாமல் தீர்ப்புச் சொல்வது நேர்மையாகாது.

பொருட்காட்சிக் கடையின் முன் நின்றிருப்பவர்களுக்கு விடையின் ஒரு பகுதி தெரிந்திருக்கும். கழுத்தில் ஒலிவாங்கி தொங்க, மேசைமேல் காய்கறி குவிய, ஓர் இளைஞர் பேசிக்கொண்டே வெள்ளரியைக் கண்ணாடித்தாள் போலச் சீவித் தள்ளுவார். நாம் கருவியையே பார்த்துக்கொண்டிருப்போம். அவருடைய கையைப் பார்க்க மாட்டோம். நாளொன்றுக்கு நூறு வெள்ளரியாவது சீவும் கை அது. அந்தக் கையிடம் ஒரு மொட்டைக் கத்தியைக் கொடுத்தாலும் அதே வேலையைச் செய்து காட்டும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது பழமொழி. கடைக்காரர் அதைத் தலைகீழாக்கி, புல்லை வாங்கினால் நீயும் வல்லவன் என்கிறார். அவருடைய தேர்ச்சியைக் கருவியின் குணமாக எண்ணி நாம் விலை கொடுக்கிறோம். பொட்டலம் வீட்டுக்கு வருகிறது. தேர்ச்சி தமுக்கத்திலேயே நின்றுவிடுகிறது.

எனவே வித்தைக் கருவி என்று நாங்கள் சொல்வது பல வேலை செய்யும் கருவியை அன்று. கைப்பழக்கம் வேண்டாம் என்று வாக்களிக்கும் கருவியை. அந்த வாக்கு ஏன் பொய்க்கிறது என்பதைக் கருவியின் உடலிலேயே காணலாம். சுத்தியலின் வலு அதன் தலைப்பாரத்தில் இருக்கிறது. மரப்பிடி இலேசாக இருந்து அடியின் அதிர்வைத் தானே வாங்கிக்கொள்ளும். திருப்புளிகளுக்கு இடம் தருவதற்காகப் பிடியைப் பித்தளைக் குழலாக்கி, தலையையும் சிறிதாக்கினால், பாரம் தலையிலிருந்து பிடிக்கு இறங்கிவிடும். அதிர்வு மணிக்கட்டுக்கு ஏறும். ஒவ்வோர் அடிக்கும் பிடியின் திருகு சற்றே தளரும். உள்ளிருக்கும் திருப்புளியோ குட்டையானது; பிடிமானம் இல்லாதது. முள் ஸாக்கெட்டும் அவ்வாறே. தளர்ந்த நட்டைச் சுழற்றும். துருவேறி இறுகிய நட்டின் முன் அதன் மெல்லிய குச்சிகள் வளைந்து கொடுக்கும். தளர்ந்த நட்டுக்கு விரலே போதுமே!

இந்த ஆசை தமுக்கத்தில் பிறந்ததன்று. உலகின் புகழ்பெற்ற கருவி நிறுவனங்களுக்கும் இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 1897-ஆம் ஆண்டு முதல் 1962 வரை '55' என்ற எண்ணுள்ள இழைப்புளி ஒன்றைச் செய்து விற்றது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அலகுகளோடு வந்த அந்த ஒற்றைக் கருவி, ஓர் இழைப்பு ஆலைக்கே ஈடு என்று விளம்பரம் செய்யப்பட்டது. அது போலிச் சரக்கன்று. நல்ல இரும்பில் மிகுந்த நுட்பத்தோடு செய்யப்பட்டது. ஆயினும் ஒரு சிக்கல் இருந்தது. சட்டங்களில் பூவேலை வளைவுகள் இழைக்கும் பழைய மர இழைப்புளியின் அடிப்பாகம், அந்த வளைவின் வடிவிலேயே முழுமையாகச் செதுக்கப்பட்டிருக்கும். அலகுக்கு முன்னே மரத்தை அழுத்திப் பிடித்து, நார் பிய்ந்து வராமல் காக்கும். ஐம்பது வடிவங்களுக்கும் ஒரே கருவி என்றால் அப்படியோர் அடிப்பாகம் இருக்க முடியாது. '55'-இல் இருந்தவை மெல்லிய இரும்புச் சறுக்குச் சட்டங்களே. நேர்வரை ஓடும் மரத்தில் அது அழகாக இழைத்தது. முரட்டு மரத்தில் நாரைப் பிய்த்தது. மேலும் ஒவ்வொரு வளைவுக்கும் அலகை மாற்றி, சட்டங்களை நகர்த்தி, திருகுகளை இறுக்கி முடிப்பதற்குள், தனித்தனி இழைப்புளி வைத்திருப்பவர் வேலையில் பாதியை முடித்திருப்பார். எல்லா வேலைக்கும் ஆயத்தமாக இருப்பதாகச் சொல்லும் கருவி, எந்த வேலைக்கும் உடனே ஆயத்தமாக இருப்பதில்லை.

அப்படியானால் ஒரு வேலைக்கு ஒரு கருவி என்பதே அறமா? எங்களுள் மூத்தவர் அப்படித்தான் வாதிட்டார். ஆனால் தந்தையாரின் முதற்பெட்டியே அவரை மறுத்தது. அதிலிருந்தவற்றுள் மிகத் தேய்ந்த கருவி கட்டிங் பிளேயர். அது பிடிக்கும், வெட்டும், முறுக்கும். இம்மூன்றும் ஒரே கம்பியில், ஒரே நிமிடத்தில் அடுத்தடுத்து வேண்டப்படும் வேலைகள். வேலையில் சேர்ந்து வருபவை கருவியிலும் சேர்ந்திருப்பது இயல்பு. சுத்தியலும் திருப்புளியும் அப்படிச் சேர்ந்து வருவதில்லை. அவற்றை மணமுடித்து வைத்தவர் விற்பனையாளர்.

ஸ்க்ரூ ஸ்பேனரும் பெட்டியில் தேய்ந்தே கிடந்தது. சுவீடனின் யோஹான் பெட்டெர் யோஹான்சன் 1892-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழித்தோன்றல் அது. எல்லா அளவு நட்டுக்கும் பொருந்துவேன் என்று அதுவும்தான் சொல்கிறது. ஆனால் கைப்பழக்கம் வேண்டாம் என்று சொல்வதில்லை. தாடையை நட்டோடு ஒட்ட இறுக்க வேண்டும். நகரும் தாடை இருக்கும் பக்கமாகவே திருப்ப வேண்டும். அப்போதுதான் பளு அசையாத தாடையின்மேல் விழும். மாற்றித் திருப்பினால் வாய் விரிந்து நட்டின் முனைகளை மழித்துவிடும். பழகியவருக்கு மட்டும் உழைக்கும் கருவி அது. ஆகவேதான் நூறாண்டுக்கு மேலும் நிலைத்திருக்கிறது.

சுவிட்சர்லாந்துப் படைவீரரின் மடக்குக்கத்தியும் இங்கே நினைக்கத்தக்கது. 1891-ஆம் ஆண்டு அந்நாட்டுப் படைக்கு வழங்கப்பட்ட முதற்கத்தியில் நான்கே உறுப்புகள் இருந்தன: ஓர் அலகு, ஒரு துளையூசி, உணவு டப்பாவைத் திறக்கும் கொக்கி, ஒரு திருப்புளி. திருப்புளி இல்லாமல் அந்தப் படையின் புதிய துப்பாக்கியைக் கழற்ற இயலாது. கொக்கி இல்லாமல் டப்பா உணவு கிடைக்காது. வீரரின் முதுகுப்பையோ இதற்குமேல் இடம் தராது. தேவை முன்னே நடக்க, கருவி பின்னே வந்தது. அமெரிக்கரான டிம் லெதர்மன் 1975-ஆம் ஆண்டு பழைய கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றும்போது, சட்டைப்பையிலிருந்த கத்தியில் குறடு இல்லையே என்று நொந்துகொண்டதிலிருந்துதான் அவருடைய பல்கருவி உருவானது. 1983-இல் விற்பனைக்கு வந்தது. இவற்றுக்கு மாறாக, 2006-ஆம் ஆண்டு வாக்கில் வெங்கர் நிறுவனம் 87 உறுப்புகளும் 141 பயன்களும் கொண்ட ஒரு பெருங்கத்தியைச் செய்தது. சட்டைப்பையில் வைக்க முடியாத, கையால் ஒழுங்காகப் பற்றவும் முடியாத மடக்குக்கத்தி. கருவியின் எல்லையை அது தாண்டிவிட்டது. காட்சிப்பொருளாக மட்டும் வெற்றி பெற்றது.

இதையெல்லாம் வேடிக்கையாகவே பேசிக்கொண்டிருக்க முடியாது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு சான்று உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் டெஸ்டர் இல்லாத வீடு அரிது. ஒளிபுகும் பிடிக்குள் சிறிய நியான் குமிழும் மின்தடையும் வைத்த திருப்புளி அது. மின்சாரம் உண்டா என்று பார்க்கவும் திருகைக் கழற்றவும் ஒரே கருவி. எங்களுள் நடுவர் ஒருமுறை மாடியறையின் சுவிட்சுப் பெட்டியைக் கழற்றப்போனார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார், ஒளிரவில்லை. மின்சாரம் இல்லையென்று நம்பிக் கையை வைத்தார். 230 வோல்ட் அவரைச் சுவரோரம் எறிந்தது. உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. மின்சாரம் இருந்தது, டெஸ்டரின் உயிர்தான் போயிருந்தது. அதை வைத்து யாரோ இறுகிய திருகை நெம்பியிருந்தார்கள். உள்ளே குமிழின் தொடர்பு அறுந்திருந்தது. தவறு செய்தவர் யார் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. மூவருமே அந்த டெஸ்டரால் திருகு கழற்றியவர்கள்தாம்.

இரண்டு வேலையை ஒரே உடலில் வைக்கும்போது, ஒரு வேலை மற்றொன்றைக் கொன்றுவிடக்கூடும் என்பதை நாங்கள் அன்று அறிந்தோம். தேங்காய் துருவும் கருவி பழுதானால் சட்னி தாமதமாகும். சோதிக்கும் கருவி பழுதானால் அது 'ஆபத்தில்லை' என்று பொய் சொல்லும். நல்ல டெஸ்டரும்கூட, உலர்ந்த மரநாற்காலியின்மேல் நின்று பிடித்தால் மங்கலாகவே ஒளிரும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாமல் போகும். மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் முதலில் வைத்து, ஒளிர்வதைப் பார்த்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். மெயினை அணைக்காமல் எதையும் தொடலாகாது. எங்கள் மூன்று வீடுகளிலும் இப்போது டெஸ்டர் சோதிக்க மட்டுமே. திருகு கழற்றத் தனியே திருப்புளி இருக்கிறது.

ஜப்பானியரான கென்ஜி கவகாமி, விந்தைக் கருவிகளை ஒரு கலையாகவே ஆக்கியவர். பூனையின் காலில் மாட்டித் தரையைத் துடைக்கும் செருப்பு, பசைக்குச்சி போல உருட்டித் தேய்க்கும் வெண்ணெய்க்குச்சி என அவர் காட்டியவை பல. அவற்றுக்குச் 'சிந்தோகு' என்று பெயரிட்டார். சிந்தோகுவை விற்கக்கூடாது, காப்புரிமை பெறக்கூடாது என்று விதியும் வகுத்தார். பயனற்றதைப் பயனற்றது என்று சொல்லிக் காட்டிச் சிரிக்க வைத்தவர் அவர். நம் கடைத்தெருவுக்கு அந்த நேர்மை இருந்திருந்தால், எங்கள் வீட்டுத் தகரப் பெட்டி பாதியாவது காலியாக இருந்திருக்கும்.

இதுவரை எழுதியதோடு நிறுத்தினால் எங்கள் தீர்ப்பு எளிதாகிவிடும். ஆனால் அன்று பெட்டிகளைக் கவிழ்த்தபோது, தகரப் பெட்டியைச் சேர்ந்ததெனத் தோன்றிய பொருளொன்று அதில் இல்லை. அது சமையலறையில் இருந்தது. கயிற்றை இழுத்தால் உள்ளே அலகு சுழன்று வெங்காயத்தை நறுக்கும் பிளாஸ்டிக் டப்பா. பல ஆண்டுகளுக்கு முன் தந்தையார் அதை வாங்கி வந்தபோது, அரிவாள்மணை இருக்கும் வீட்டில் இதற்கென்ன வேலை என்று நாங்கள் மூவரும் சிரித்தோம். அவர் பதில் சொல்லவில்லை. அதையும் இரண்டாம் பெட்டியில் போட நாங்கள் எடுத்தபோது, அம்மா தடுத்தார்.

"அத அங்க வைங்கடா. அது இல்லேன்னா நான் எப்பவோ சமைக்கிறத விட்டிருப்பேன்."

முழங்காலால் தரையில் அமர இயலாதபோதே அரிவாள்மணை அவரிடமிருந்து விலகிவிட்டிருந்தது. கட்டைவிரல் மூட்டு வீங்கத் தொடங்கியபின் கத்தியும் விலகியது. ஒன்றைப் பற்றி அழுத்துவதுதான் அவருக்கு வலி. கயிற்று வளையத்தில் நடுவிரல்களைக் கோத்து, முழங்கையால் இழுப்பது வலியில்லை. இதை நாங்கள் கவனிக்கவில்லை, தந்தையார் கவனித்திருந்தார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தோம். இழுகயிறு அறுந்து, மூடியைக் கழற்றி வேறு நைலான் கயிறு கோத்திருந்தது. முடிச்சு அவருடையது; பெட்டிகளிலும் மூட்டைகளிலும் நாங்கள் ஆயிரம் முறை பார்த்த முடிச்சு. அலகையும் அவர் ஒருமுறையாவது தீட்டியிருக்க வேண்டும். விளிம்பில் சாணைக்கல்லின் கோடுகள் இருந்தன. அது நறுக்கும் வெங்காயம் ஒரே அளவாக இராது. பீன்ஸைக் கொடுத்தால் கூழாக்கும். இருந்தும் அந்தக் கருவியால் ஒரு பெண்மணி தம் சமையலறையைத் தம் வசமே வைத்துக்கொண்டார்.

வெளியுலகிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவாதமுள்ள தம் மனைவி பெட்ஸி காய்த்தோல் சீவத் துன்புறுவதைக் கண்டார். தடித்த, மென்மையான ரப்பர் பிடி கொண்ட சீவுகத்தியைச் செய்வித்தார். ஆக்ஸோ என்ற பெயரில் 1990-ஆம் ஆண்டு அந்த வரிசை வெளிவந்தது. மெல்லிய தகரச் சீவுகத்தியோடு பழகிய கண்ணுக்கு அந்தக் கொழுத்த பிடி வேடிக்கையாகவே தோன்றியிருக்கும். ஆனால் வலியுள்ள கைக்கென்று செய்தது வலியில்லாத கைக்கும் இதமாக இருந்தது. பேருந்து நிலையங்களில் விற்கும் ஊசி கோக்கும் சிறு தகடும் அத்தகையதே. இளங்கண்ணுக்கு விளையாட்டுப் பொருள். அறுபதைக் கடந்த கண்ணுக்கு அது உற்ற துணை.

ஆகவே, ஒரு கருவியைப் பார்த்து 'இது வித்தை' என்று சிரிப்பதற்கு முன், யாருடைய கைக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. நம் கையில் இருக்கும் வலுவையே எல்லாக் கைகளுக்கும் அளவுகோலாக வைத்து நாங்கள் அன்று சிரித்தோம். அது அறியாமை மட்டுமன்று, ஒருவகை ஆணவமும்கூட. கையின் குறையை நிரப்பும் கருவிக்கும், கையின் சோம்பலைக் காசாக்கும் கருவிக்கும் கடைத்தட்டில் வேறுபாடு தெரியாது. இரண்டும் ஒரே நிறப் பிளாஸ்டிக்கில் வருகின்றன. வாங்குபவர்தாம் வேறுபாட்டைக் கொண்டுபோக வேண்டும். தந்தையார் அந்த ஒருமுறை கொண்டுபோயிருந்தார். மற்ற முறைகளில் அவரும் நம்மைப் போல வித்தைக்கு மயங்கியவரே. ஓய்வுபெற்றபின் நமக்கும் ஒரு தச்சரின் கை வாய்த்துவிடும் என்ற ஆசை, எந்த ஆசிரியருக்குத்தான் இராது?

ஒற்றையறையில் குடியிருப்போர்க்கு உளியும் சாணைக்கல்லும் வைக்க இடமேது, பல்கருவி ஒன்றுதானே அவர்கள் கதி என்று எங்களுள் இளையவள் கேட்டாள். நியாயமான கேள்வி. இடம் குறைந்தவர்க்கும் வழிப்பயணிக்கும் ஒரு நல்ல பல்கருவி உதவும். ஆனால் இருபது உறுப்புகளுள்ள மலிவுக் கருவியின் விலைக்கு, நல்ல கட்டிங் பிளேயர் ஒன்றும் திருப்புளிகள் இரண்டும் வாங்கிவிடலாம். அவை ஒரு மேசை இழுப்பறையில் அடங்கும். பொருட்காட்சியில் கைநீட்டும் முன் நாங்கள் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்விகள் எளியவை. சென்ற மாதம் இந்த வேலை வந்ததா? மழுங்கினால் தீட்டலாமா? அறுந்தால் நாமே கோக்கலாமா? இது யாருக்கேனும் வலியைக் குறைக்குமா? ஒன்றுக்கும் 'ஆம்' வராவிடில், அந்த இளைஞரின் கைத்திறனுக்கு ஒரு கைதட்டல் தந்துவிட்டு நகர்ந்துவிடலாம். உண்மையில் விலை பெறத்தக்கது அதுதான்.

மாலையில் பழைய இரும்பு வாங்குபவர் வந்தார். உடைந்த அரிவாள்மணையையும் துருவேறிய பூட்டுகளையும் எடைபோட்டு எடுத்துக்கொண்டார். தகரப் பெட்டியிலிருந்து பித்தளைச் சுத்தியலைப் பித்தளை விலைக்கு எடுத்தார். மற்றவற்றைப் புரட்டிப் பார்த்து, இரும்பும் பிளாஸ்டிக்கும் கலந்து கிடப்பதைப் பிரிக்க முடியாது என்று திருப்பித் தந்தார். வேலைக்கும் ஆகாமல் எடைக்கும் ஆகாமல் அவை வாசலில் கிடந்தன. பாதியாகத் தேய்ந்த உளியை யார் எடுத்துக்கொள்வது என்ற வழக்கு மட்டும் இரவு உணவு வரை நீண்டது. முடிவில் அம்மா அதைத் தம்மிடமே வாங்கி வைத்துக்கொண்டார். தேங்காய் உடைத்தபின் ஓட்டிலிருந்து பருப்பை நெம்ப அவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்ததாம்.